தலைக் கிறிஸ்துமஸும் ஓலைக் கொட்டானும்: சிங்கப்பூர் நாட்கள்

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸைப் பெண் வீட்டில்தான் கொண்டாடுவார்கள். எனக்கு அந்தத் தலைக் கிறிஸ்துமஸ் சிங்கப்பூரில் வாய்த்தது. அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக அம்மாவும் அப்பாவும் தோ பாயோவில் அவள் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். அம்மா இருக்கிற இடம்தான் பெண் வீடு என்று என் மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டார்.

மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கு உடன்குடிப் பக்கம், பனையோலை முடைவதில் கைதேர்ந்தவர். அக்கா போகும் தமிழ்ச் சபையில் கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பையன்களுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் பரிசுப் பை கொடுப்பார்கள். அதைக் கேள்விப்பட்டதும் அத்தை ஊர் ஆலயத்துப் பெண்களைக் கூட்டிவைத்து 150 கொட்டான் முடைந்துவிட்டார். கொட்டான் என்றால் உள்ளங்கையில் அடங்கும் சின்ன ஓலைப்பெட்டி, மூடியோடு. ஒவ்வொன்றிலும் சுக்குச் சேர்த்த சில்லுக்கருப்பட்டி போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. குழந்தைகளுக்கு ஓலை நட்சத்திரம், கிலுகிலுப்பை வேறு. ஓலைச் சாமான் எடையே இருக்காது, இடத்தைத்தான் அடைக்கும். ஒரு பெரிய அட்டைப்பெட்டி முழுக்க அதுதான். கருப்பட்டியைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டோம்.

டிசம்பர் 17, செவ்வாய்

சாங்கியில் இறங்கும்போது விடிந்துகொண்டிருந்தது. துணிப்பெட்டி வந்தது, அட்டைப்பெட்டி வரவில்லை. கூட வந்தவர்கள் எல்லோரும் போய், பெட்டி சுற்றிவரும் பட்டையும் நின்றுவிட்டது.

கவுண்டரில் இருந்த சீனப் பெண் ஒரு தாளை நீட்டி, பெட்டியின் நிறம், அளவு, உள்ளே என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உள்ளே இருப்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் அவருக்குப் பிடிபடவில்லை. என் கணவர் பேனாவை வாங்கி அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒரு கொட்டானை வரைந்து காட்டினார். குறுக்கும் நெடுக்குமாக முடைச்சல், மேலே மூடி. அந்தப் பெண் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கையால் செய்ததா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் விண்ணப்பத்தில் ‘எளிதில் நசுங்கும்’ என்று பெரிய எழுத்தில் எழுதினார். பெட்டி அடுத்த விமானத்தில் வரும், வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்றார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் வெறுங்கையோடு வெளியே வரும்போது எனக்கு அழுகை முட்டியது. அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து முடைந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது.

அத்தான் வந்து அழைத்துப் போனார். வீட்டில் அம்மா வைத்த மீன்குழம்பு. தேக்கா சந்தையில் வாங்கிய வஞ்சிரம், புளியும் மிளகாய்த்தூளும் நம் ஊர் அளவு. அக்காவின் குழந்தையைத் தூக்கினேன். பால் மணம். பெட்டிக் கவலை கொஞ்சம் இறங்கியது. சாயங்காலம் வரை மழை விடவில்லை.

டிசம்பர் 18, புதன்

மதியம் பெட்டி வந்தது. கொண்டுவந்த பையன் அதைக் கீழே வைக்கும்போதே முகத்தைச் சுருக்கினான். ஒரு பக்கம் முழுக்க உள்ளே அமுங்கியிருந்தது. எதையோ கனமாக மேலே போட்டிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தோம். நட்சத்திரங்கள் தப்பித்துவிட்டன. கொட்டான்களில் மூன்றில் ஒரு பங்கு தட்டையாகக் கிடந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். இவர் ஒன்றும் பேசாமல் குளியலறையிலிருந்து துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தார். பனைக்காரர் வீட்டுப் பிள்ளை, ஓலையின் குணம் தெரியும். காய்ந்த ஓலையை வளைத்தால் முறியும், ஈரம் கண்டால் சொன்னபடி கேட்கும். தட்டையானவற்றைப் பத்துப் பத்தாக ஈரத்துண்டில் சுற்றி வைத்தார். அரை மணி கழித்து ஒன்றை எடுத்து, விரலை உள்ளே விட்டு மெதுவாக விரித்து, அதற்குள் எவர்சில்வர் டம்ளரை இறக்கினார். மூலைகளை மட்டும் நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அப்புறம் டம்ளரோடு மின்விசிறியின் கீழே கவிழ்த்து வைத்தால் காய்ந்து பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. அக்கா வீட்டில் இருந்த டம்ளர், கிண்ணம், குழந்தையின் பால் புட்டி மூடி என்று அளவாக இருந்த எல்லாம் வரிசையில் நின்றன. சிவப்புச் சாயம் ஈரத்தில் ஓடி, பக்கத்து வெள்ளை ஓலை ரோஸ் நிறமானது. எனக்கு அது இன்னும் அழகாகப்பட்டது.

வாய் விளிம்பு முறிந்தவைதான் சிக்கல். முறிந்த ஓலை ஒட்டாது. விளிம்பைச் சுற்றி ரிப்பன் வைத்துத் தைத்துவிடலாம் என்று அம்மா சொன்னார்.

இருட்டும் நேரத்தில் அடுத்த வீட்டு மலாய் அம்மா தட்டில் வாழைப்பழப் பொரியலோடு வந்தார். பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பிசாங் கோரெங். அக்கா அவரை மாக்சிக் என்றுதான் கூப்பிடுகிறாள், மலாயில் அத்தை, சித்தி மாதிரி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தரையில் பரப்பியிருந்ததைப் பார்த்ததும் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு கொட்டானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடியில் முடைச்சல் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடினார். மிச்சம் கிடந்த ஓலை வார்களில் இரண்டை எடுத்தார். ஒன்றை இடது உள்ளங்கையில் சுற்றினார், இன்னொன்றை அதன் ஊடாக மேலும் கீழுமாக விட்டார். கை போவதுதான் தெரிந்தது, எப்படிப் போகிறது என்று தெரியவில்லை. இரண்டு முனையையும் பிடித்து இழுத்ததும் சின்னத் தலையணை போல ஒன்று உருண்டு எழுந்தது. பெருநாளுக்கு அரிசி போட்டு வேகவைக்கும் கெத்துப்பாட் கூடு. அவர்கள் தென்னங்குருத்தில் செய்வது. பனையோலை விறைப்பாக இருக்கிறது, ஆனால் வேலை ஒன்றுதான் என்றார். இவர் அதைப் பிரித்துத் திரும்ப முடையப் பார்த்தார். வரவில்லை. மாக்சிக் அவர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். பாதி மலாய், பாதி ஆங்கிலம், நடுவில் அக்கா.

சில்லுக்கருப்பட்டி ஒரு துண்டு கொடுத்தோம். வாயில் போட்டுக் கண்ணை மூடி, “குலா மெலாக்கா” என்றார். அது அவர்களுடைய தென்னங்கருப்பட்டி. பிறகு சுக்கு உறைத்திருக்க வேண்டும், சிரித்துவிட்டார்.

டிசம்பர் 19, வியாழன்

ரிப்பன் வாங்க அரபு ஸ்திரீட்டுக்குப் போகச் சொன்னாள் அக்கா. போகிற வழியில் சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைப் பார்த்தோம். மழையில் நனைந்தும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. இதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். இதற்கு முன்பு இதே இடத்தில் இருந்த ஆலயத்தில் இரண்டு தடவை இடி விழுந்து, அதை இடித்துவிட்டு 1856இல் புதிதாக அடிக்கல் நாட்டினார்கள். 1861இல் முதல் ஆராதனை நடந்திருக்கிறது.

உள்ளே சுவருக்கும் தூணுக்கும் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். காய்ந்த பிறகு வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்களாம். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் பார்க்கிற அதே பளபளப்பு. இவர் ஒரு தூணில் கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். விலங்கு போட்டுக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் கடல் தாண்டி வந்தும் கைவேலையை மறக்கவில்லை. இந்த ஊருக்கு வருகிற தமிழர்கள் கட்டாயம் இங்கே ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். ஷாப்பிங் எங்கேயும் போகாது.

அங்கிருந்து பஸ்ஸில் போகும்போது ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம் தெரிந்தது. தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் கட்டி முடித்தது. இறங்க நேரமில்லை, மழை வேறு சாய்த்து அடித்தது.

அரபு ஸ்திரீட்டில் வரிசையாகத் துணிக்கடைகள். பட்டு, ஜரிகை, லேஸ், மணி. ஒரு கடையில் முதலாளியே தமிழில் “வாங்கம்மா” என்றார். நாகூர்ப் பக்கமாம், இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மெல்லிய சாட்டின் ரிப்பன் ஒரு சுருள் 3 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, நம் பணத்தில் 60 ரூபாய்க்கு மேல் என்பதால் மனசுக்குள் பெருக்கிக்கொண்டே இருந்தேன். எதற்கு இவ்வளவு ரிப்பன் என்று கேட்டார், சொன்னோம். கைப்பையிலிருந்து ஒரு கொட்டானை எடுத்துக் காட்டினேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். “உடன்குடின்னா கருப்பட்டி ஊரில்ல?” என்றவர், இரண்டு சுருளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு நான்கு சுருளைப் பையில் போட்டார். “பிள்ளைங்களுக்குத்தானே போகுது. நம்ம பங்கும் இருக்கட்டும்.”

தெருவின் பக்கத்திலேயே சுல்தான் பள்ளிவாசல். பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் கருப்பாக ஒரு பட்டை ஓடுகிறது. கூர்ந்து பார்த்தால் அத்தனையும் கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகம். 1932இல் கட்டி முடித்த இந்தப் பள்ளிவாசலுக்குப் பணக்காரர்கள் மட்டும் கொடுத்தால் போதாது, ஏழைகளின் காணிக்கையும் இருக்க வேண்டும் என்று பாட்டில்களை வாங்கிப் பதித்தார்களாம். கடைக்காரர் சொன்ன ‘நம்ம பங்கு’ அப்போது எனக்கு இன்னும் பெரிதாகக் கேட்டது.

நார்த் பிரிட்ஜ் சாலையில் ஆட்டிறைச்சி அடைத்த முர்தபா ரொட்டி 10 வெள்ளி, இரண்டு பேருக்குத் தாராளம். தே தாரேக் என்னும் பால் தேநீரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஆற்றும் உயரத்தைப் பார்த்தால் நம் ஊர் மாஸ்டர்களுக்கே கை கூசும். இரவு பன்னிரண்டு வரை அம்மாவும் நானும் விளிம்பு தைத்தோம்.

டிசம்பர் 20, வெள்ளி

தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலமானது, நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். நாங்கள் அங்கே போகவில்லை. அங்கே பாம் வேலி என்று ஒரு சரிவு முழுக்க உலகத்துப் பனை, தென்னை, பாக்கு இனங்களாக நட்டு வைத்திருக்கிறார்கள். இவருக்கு நம் ஊர்ப் பனை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு மரத்தின் பெயர்ப்பலகையையும் குனிந்து படித்துக்கொண்டே போனார். பாதிகூட முடியவில்லை, இடி எச்சரிக்கை ஒலித்தது. எல்லோரும் கூரைக்குக் கீழே போய் நின்றோம். ஒரு மணி நேரம். ஓடவில்லை, தள்ளவில்லை, குடை வைத்திருந்த ஒரு சீனத் தாத்தா பூங்கா வாசல் வரை எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

சாயங்காலம் ஆர்ச்சர்ட் சாலை விளக்கு அலங்காரம். கூட்டம் நெரிகிறது. விளக்குகள் அழகுதான், ஆனால் எனக்குப் பிடித்தது ஓரத்தில் நின்ற ஐஸ்கிரீம் வண்டி. ஒரு கட்டி ஐஸ்கிரீமைப் பெரிய கத்தியால் செங்கல் மாதிரி வெட்டி, பல நிறம் கலந்த ரொட்டித் துண்டில் மடித்துத் தருகிறார் முதியவர் ஒருவர். சோளம், துரியான், சிவப்பு அவரை என்று ருசிகள். நாங்கள் சோளம் வாங்கினோம். மழைக்குப் பிறகு குளிர்ந்த காற்று, கையில் உருகும் ஐஸ்கிரீம், பக்கத்தில் இவர். கல்யாணமாகி இத்தனை மாதத்தில் இப்படி வேலை ஒன்றும் இல்லாமல் தெருவில் நடந்தது இன்றுதான்.

டிசம்பர் 21, சனி

உபின் தீவுக்குப் போக வேண்டும் என்பது அத்தானின் யோசனை. “கட்டடம் எல்லாம் எப்பவும் பாக்கலாம். கம்பம் எப்படி இருந்துச்சுன்னு பாத்துட்டு வாங்க” என்றார். கம்பம் என்றால் இங்கே கிராமம். சாங்கி பாயின்ட்டிலிருந்து மரப்படகு. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கம் மட்டும். காலையிலேயே போனதால் பத்து நிமிடத்தில் ஆள் சேர்ந்துவிட்டது.

இறங்கியதும் சைக்கிள் வாடகை, ஆளுக்கு 10 வெள்ளி. தகரக் கூரை வீடுகள், பலா, ரம்புத்தான், சேவல் சத்தம். ரோட்டோரத்தில் காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு போனது, நாங்கள் நின்று வழிவிட்டோம். செக் ஜாவாவுக்குப் போகும் மேட்டில் என் சைக்கிள் சங்கிலி கழன்றது. இவர் கையில் கிரீஸோடு போராடிக்கொண்டிருந்தபோது எதிரே வந்த சீனப் பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, ஒரு குச்சியை ஒடித்து, சங்கிலியைக் குச்சியால் தூக்கிப் பல்லில் மாட்டி, பெடலைப் பின்பக்கம் ஒரு சுற்று சுற்றினார். சரியாகிவிட்டது. நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

செக் ஜாவா வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு மரப்பாலத்தில் நடந்தோம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சதுப்புக் காடு, சேற்றில் ஒற்றைக் கை பெரிதாக இருக்கும் நண்டுகள். 2001இல் இந்தக் கரையை மண் கொட்டி மூட இருந்தார்கள். ஆர்வலர்களும் பொதுமக்களும் வந்து பார்த்து, இதிலிருக்கும் உயிர்களை எடுத்துச் சொல்ல, அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 20 மீட்டர் உயரப் பார்வைக் கோபுரத்தில் ஏறினோம். மேலே போனதும் மழை பிடித்துக்கொண்டது. உடம்பில் நனையாத இடம் இல்லை.

திரும்பி வந்து சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக். தேங்காய்ப்பால் சாதம், பொரித்த கோழி, நெத்திலி, சம்பல். ஈர உடம்புக்குச் சூடான சாதம் போல ஒன்றும் இல்லை. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம், யாரும் உட்கார மாட்டார்கள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

அங்கிருந்து 2ஆம் எண் பஸ்ஸில் சாங்கி சேப்பல் அருங்காட்சியகம். நாள் முழுக்கச் சுற்றிய அசதியில் வேண்டாம் என்று நினைத்தேன். போனது நல்லதாயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் இங்கே அடைத்து வைத்திருந்த போர்க்கைதிகள் கிடைத்ததை வைத்துத் தங்களுக்கு ஆலயங்கள் அமைத்துக்கொண்டார்கள். பீரங்கிக் குண்டின் பித்தளை உறையை வெட்டி ஒரு சிலுவை செய்திருக்கிறார்கள். கொல்வதற்கு வார்த்த உலோகம். பெண்கள் சிறையில் இருந்தவர்கள் 1942இல் ஆறங்குலச் சதுரத் துணிகளில் பெயரையும் பூவையும் வீட்டையும் தைத்து, சேர்த்துப் போர்வைகள் ஆக்கினார்கள். வேறு முகாமில் இருந்த கணவன்மார் அதைப் பார்த்து, மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரு சதுரத் துணியில் ஒரு மனைவி எவ்வளவு சொல்லிவிட முடியும்! நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேதான் அந்தக் கதையைக் கேட்டேன்.

முற்றத்தில் கைதிகள் கட்டியதைப் போலவே திரும்பக் கட்டிய சின்ன ஆலயம் இருக்கிறது. மர பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தோம். பஸ்ஸில் வரும்போது இரண்டு பேருமே பேசவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

காலை ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்தில் பை போடும் வேலை. சோப்பு, பற்பசை, துண்டு, பிஸ்கட், போனுக்கு டாப்-அப் கார்டு, அதன் மேல் கொட்டான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கையாலேயே வாழ்த்து அட்டை எழுதினார்கள். ஒரு சிறுமி ‘அன்புள்ள அண்ணா’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்கு என்னைப் பார்த்தாள். உனக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதை எழுது என்றேன். ‘நீங்கள் எங்கள் பள்ளிக்கூடம் கட்டினீர்கள், நன்றி’ என்று எழுதினாள். அவள் பள்ளியில் புதுக் கட்டடம் எழும்புவதைத் தினமும் பார்க்கிறாளாம். அந்த அட்டையை ஆசிரியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

மூன்று மணிக்கு மேல் பையன்கள் வரத் தொடங்கினார்கள். வாரத்தில் அவர்களுக்கு ஓய்வு இந்த ஒரு நாள்தான். அதிலும் தங்கும் விடுதியிலிருந்து ஒரு மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தார்கள். புதுக்கோட்டை, ராமநாதபுரம், தஞ்சாவூர், பெரம்பலூர். கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் தண்ணீர் தெளித்து வாரிய முடி. வெளியே செருப்பை எவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள் என்பதை அம்மாதான் எனக்குக் காட்டினார்.

பாட்டு, சின்ன நாடகம், பிரியாணி. அப்புறம் பை கொடுத்தார்கள். பலர் அங்கேயே திறந்து பார்த்தார்கள். சோப்பு, துண்டு எல்லாம் ஓரத்தில் போய்விட்டது. கொட்டான் கைக்குக் கை மாறியது. “எங்க ஆத்தா கடலைமிட்டாய் இதுலதான் வாங்கியாரும்” என்றார் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர். திசையன்விளைப் பையன் ஒருவன் மூடியைத் திறந்து, கருப்பட்டியைப் பையில் கொட்டிவிட்டு, காலிக் கொட்டானுக்குள் முகத்தை வைத்து மூச்சு இழுத்தான். பிறகு போனை எடுத்து அவன் அம்மாவுக்கு வீடியோ போட்டு, “யம்மா, இங்க பாரு, நம்ம ஓலை” என்றான். அந்த அம்மா போனிலேயே முடைச்சலைப் பார்த்துவிட்டு, இது உடன்குடிக் கை என்று சொல்லிவிட்டார். இவர் போனை வாங்கிப் பேசினார். அத்தையின் ஊரும் பெயரும் சொன்னதும் இரண்டு பக்கமும் உறவுமுறை கண்டுபிடிக்கிற வேலை தொடங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

விளிம்பு தைத்த கொட்டான்களைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். ரிப்பன் வைத்ததால் விசேஷமானது என்று நினைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

டிசம்பர் 24, செவ்வாய்

நேற்று முழுக்கத் தூக்கம், கொஞ்சம் காய்ச்சல். உபின் மழையின் வேலை. அம்மா வைத்த மிளகு ரசத்தில் எழுந்தேன்.

இரவு சபையாரோடு கேரல் போனோம். அடுக்குமாடியில் வீடு வீடாக, மின்தூக்கியில் ஏறி இறங்கி. தாழ்வாரத்தில் பாடினால் மேல் மாடி கீழ் மாடி எல்லாம் எட்டிப் பார்க்கிறது. பத்து மணிக்கு மேல் சத்தம் வேண்டாம் என்று மெதுவாகப் பாடி முடித்தோம். ஒரு வீட்டில் சுஜி கேக் கொடுத்தார்கள். ரவையும் பாதாமும் வெண்ணெயும். நம் ரவை லாடு கேக்காகப் பிறந்திருந்தால் இந்த ருசிதான்.

டிசம்பர் 25, புதன்

அம்மா எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவை எனக்கு, வேட்டி சட்டை இவருக்கு. ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா இவர் விரலில் மோதிரம் போட்டார். சீர் வேண்டாம் என்று இவர் முன்பே சொல்லியிருந்தார். அப்பா கேட்கவில்லை. பாட்டி காலத்து நகையை உருக்கி அம்மா ஊரிலிருந்தே செய்துகொண்டு வந்தது. அளவு கொஞ்சம் பெரிது, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பு மாக்சிக் வீட்டுக்குப் போனோம். அக்கா ஹலால் கடையிலேயே கேக் சொல்லி வாங்கி வைத்திருந்தாள். அதோடு இவர் தனியாக முடைந்த ஒரு பெரிய கொட்டானும் கொடுத்தோம். மிச்ச ஓலையில், மூடி மேல் மாக்சிக் சொல்லிக் கொடுத்த கெத்துப்பாட் முடைச்சலையே குமிழாக வைத்திருந்தார். மாக்சிக் அந்தக் குமிழைப் பிடித்துத் திறந்து மூடிப் பார்த்தார். முடைச்சல் ஒரு இடத்தில் தவறியிருக்கிறது என்று காட்டி, அப்படியே விரலால் நெருக்கிச் சரிசெய்தார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். மார்ச் கடைசியில் நோன்புப் பெருநாள் வருகிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் டப்பாவில்தான் பலகாரம் கொடுக்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை. இந்த மாதிரி 40 வேண்டும், பச்சையும் மஞ்சளும் கலந்து. சும்மா தர வேண்டாம், விலை சொல்ல வேண்டும். அக்கா எவ்வளவோ மறுத்தாள். மாக்சிக், கையால் செய்கிறவர்களுக்குக் கூலி கொடுக்காமல் வாங்க மாட்டேன் என்று உறுதியாக நின்றார்.

இவர் அங்கேயே அத்தைக்குப் போன் போட்டார். குருத்து வெட்டி, வெயிலில் காய வைத்து, சாயம் ஏற்ற எவ்வளவு நாள், கூரியர் எவ்வளவு, இந்த முறை நசுங்காமல் இருக்க உள்ளே என்ன அடைப்பது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். மாக்சிக் என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றுக்கு 150 ரூபாய் என்று அத்தை சொன்னதும் அக்கா அதை 4 வெள்ளி என்று மாற்றிச் சொன்னாள், கூரியரோடு சேர்த்து. மாக்சிக் 5 தருகிறேன் என்றார். அத்தை ஒரு நொடி யோசித்துவிட்டு, “அப்ப உள்ளுக்கு வாழைநார் வச்சு ரெட்டை முடைச்சலா போட்டுத் தாரேன். ஒரு மூடியா, ரெண்டு தட்டா வேணும்னு கேளு” என்றார். இரண்டு தட்டு.